ஈசானிய மூலையில் ஒரு போர்க்களம்

நீங்கள் எதைச் செய்தாலும் சரி, அதை அதுவாகவே பார்க்கிற ஆள் இந்த ஊரில் கிடையாது. மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் பார்த்தால், பக்கத்து மாடியைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். ஓரமாக உட்கார்ந்து நாலு வரி கவிதை எழுதினால், வேலைக்கு மனுப் போடுகிறாயா என்று கேட்பார்கள். நான் ஒரு போர்க்களம் செய்தேன். கையால், கண் எரிய, முதுகு ஒடியச் செய்தேன். அதை என்னவாகப் பார்த்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. (கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன, அவர் தளபதியாக இருந்ததில்லை.)

எழுபதுகளின் நடுப்பகுதி. தியாகராய நகரில் எங்கள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடைக்கு மேலேயே மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்கான பிறகும் அப்பாவின் பேச்சு மட்டும் இன்னும் ரயிலேறவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எவர்சில்வர் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். டம்ளரைச் சுண்டிக் காட்டி, அது பாடுகிறது பார் என்று வாடிக்கையாளரை நம்ப வைப்பது என் வேலை.

இப்படிப்பட்ட ஒருவன் கையில் மூர் மார்க்கெட்டில் அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகம் சிக்கியது. அதில் ஒரு படம். மீசை வைத்த பெரிய மனிதர்கள், கோட்டும் டையுமாக, ஒரு பெரிய மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். மேஜை மேல் மலை, ஆறு, பாலம், கிராமம். நடுவே விரலுயரச் சிப்பாய்கள். ஒருவர் இஞ்ச் டேப்பால் தூரம் அளக்கிறார். இன்னொருவர் பகடை உருட்டுகிறார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கவர்ந்தது. எங்கள் வீட்டில் நான் எதைச் செய்தாலும் யாராவது சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சூட்சுமம் புரிந்தது. மேஜையை ஒரே பலகையாகச் செய்யக் கூடாது. இரண்டடிச் சதுரமாகப் பல பலகைகள். ஒன்றில் மலை, ஒன்றில் ஆற்று வளைவு, ஒன்றில் ஊர். ஆறும் சாலையும் எந்தப் பலகையிலும் விளிம்பின் சரிநடுவில்தான் வெளியே வர வேண்டும். அப்போது பலகைகளைத் திருப்பித் திருப்பி எத்தனை விதமாக அடுக்கினாலும் ஆற்றை ஆற்றோடும் சாலையைச் சாலையோடும் சேர்த்துவிடலாம். ஆறே ஆறு பலகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு புதிய தேசம். என்ன மூளை பாருங்கள். கடவுளுக்கே தோன்றாத ஏற்பாடு. அவர் ஒரு தடவை வைத்த மலையை அப்புறம் நகர்த்தவே இல்லை.

எங்கள் தெருமுனைத் தச்சர் டில்லியிடம் பலகைகள் செய்யச் சொன்னேன். அவர் ஒட்டுப்பலகையைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா நைனா, கேரம் போர்டா? குழி எங்க?"

"குழி கிடையாது டில்லி. இது சண்டை போடுற பலகை."

"சண்டைன்னா தரையில போடு நைனா. ரெண்டு பேரு ஏறி நின்னா இது தாங்காது."

பலகை வந்ததும் வீட்டை நான் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். தெர்மோகோல் அடுக்கி, செதுக்கி, மலை செய்தேன். மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊற வைத்து மாடியில் காயப்போட்டேன். (தெருவில் இரண்டு நாள் எல்லா வேட்டியும் பச்சை.) உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டைத் துண்டு போட்டு மரங்கள். தீப்பெட்டியில் வீடுகள். தகரத்தை வெட்டி ஒரு கோயில் கோபுரம். நீலம் அடித்து அதன் மேல் வார்னிஷை வார்னிஷ் மேல் ஊற்றி ஆறு. வயலுக்கு வயல் வெள்ளைக் கோட்டில் வரப்பு. கடைசியாகப் பலகைகளை அடையாளம் தெரிய ஒவ்வொன்றின் மூலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் ஆறு வரை எண். இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தலையில் நானே எழுதிக்கொண்டது.

தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையை அம்மாவின் பால் பாத்திரத்தில் காய்ச்சினேன். அது மாட்டு எலும்பிலும் தோலிலும் செய்வது என்று டில்லி போகிற போக்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து மாடியிலிருந்து கீழே போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "உன்னை இடுக்கியால பிடிக்க முடியல, அதான் விட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "கொலுவுக்குப் பார்க்கா? நவராத்திரிக்கு நாள் இருக்கே" என்றார். அப்பா ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏலே கணேசா, வயக்காட்டை வித்துட்டு மெட்ராஸுக்கு வந்தேன். அதைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டிருக்கே" என்றார். போர்க்களம் என்று ஒருத்தராவது? இல்லை.

ஒரே ஒரு ஆள் என் பக்கம். தங்கை செண்பகம். பர்மா பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கெல்லாம் அவள்தான் சட்டை போட்டாள். அதாவது தன் நகப்பாலிஷை எடுத்துச் சிவப்புச் சட்டை தீட்டினாள். ஊசி முனையால் பட்டன் வைத்தாள். அவ்வளவு சின்னப் பட்டனை வைத்துவிட்டு, "போட்டுக்கிட்டுப் போய்ச் சாவட்டும்" என்பாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முன்னால் ஒரு குடும்பம் வந்து பார்த்தது. பெண் பிடித்துவிட்டது. பையன் என்ன பண்ணுகிறான் என்று என்னைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா யோக்கியமாக, "கடையில இருக்கான். மத்த நேரம் பொம்மை வச்சு விளையாடுதான்" என்றார். அவர்கள் ஊருக்குப் போய், குடும்பத்தில் கொஞ்சம் புத்திப் பிசகு இருக்குமோ என்று சந்தேகப்படுவதாகச் சொல்லியனுப்பினார்கள். பகடை உருட்டுகிறவனுக்குப் புத்திப் பிசகாம். ஜாதகக் கட்டத்தை வைத்துக் கல்யாணம் முடிக்கிறவர்களுக்குத் தெளிந்த புத்தியாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதற்கப்புறம் சிப்பாய் என்ற சொல்லே வெளியாட்கள் முன்னால் வாயில் வரக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார்.

இந்த நிலையில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பால்வண்ணம் அண்ணாச்சி என்ற இரும்புக் கடைக்காரரின் மகன் சண்முகம். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. இந்தச் சண்முகம் அதற்கு முன்பே எங்கள் கடைக்கு ஒரு டிபன் கேரியர் வாங்க வந்து, அதன் நாலு அடுக்கையும் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கல்லாப் பக்கம் நின்றிருந்த செண்பகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற ஆசாமி. அவளும் பார்த்திருக்கிறாள். என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"அண்ணே, இவரை விட்டா நான் வேற எவனுக்கும் காபி கொண்டாந்து நிக்க மாட்டேன். கெடுத்திராத."

"நான் என்னத்தைக் கெடுக்கப் போறேன்?"

"உன் வாயைத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம் அதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ராகு காலம் கழிந்த பிறகு, பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதே ஞாயிறு காலையில் என் பரம எதிரி வரதுவோடு போர். வரது மயிலாப்பூர். பேங்க் குமாஸ்தா. அதுவரை தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு நடத்திய எல்லாச் சண்டையிலும் என்னைத் தோற்கடித்தவன். பலகையில் இதுதான் முதல் போர். மூன்று மணிக்குள் முடித்து, பலகைகளை மாடியில் ஏற்றிவிடுவதாக அப்பாவின் தலை மேல் சத்தியம் செய்திருந்தேன். (அப்பா தலையில் கை வைக்க விடவில்லை. காற்றில்தான் செய்தேன்.)

கூடத்தில் சாப்பாட்டு மேஜையின் மேல் ஆறு பலகைகளையும் இணைத்தோம். மலை அவன் வசம். நான் ஏற வேண்டும். வரது ஒரு சிப்பாயை நகர்த்த எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு டஜன் டிபன் கேரியர் விற்றிருப்பேன்.

"நகர்த்துடா."

"இருடா, யோஜிச்சிண்டிருக்கேன். குதிரைப்படையை ஆத்துல இறக்கினா நனைஞ்சுடாதோ?"

"அது வார்னிஷ்டா."

"சண்டைன்னு வந்தா அது ஆறுதான்."

இப்படியே மூன்று மணி தாண்டி, நாலும் நெருங்கிவிட்டது. என் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தார்கள். ஆனாலும் என் இடது அணித் தளபதி, தோளில் துப்பாக்கியும் செண்பகம் வைத்த பட்டனுமாக, மலையின் அடிவாரத்துக்கு வந்து நின்றுவிட்டான். அடுத்த உருட்டலில் மலை என்னுடையது. கையில் பகடையை எடுத்துக் குலுக்கினேன்.

"வந்துட்டாங்க" என்றாள் அம்மா ஜன்னலிலிருந்து.

ராகு காலம் முடிந்து வருவதற்குப் பதிலாக, ராகு காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று பால்வண்ணம் அண்ணாச்சி முடிவு செய்துவிட்டாராம். டாக்ஸியிலிருந்து இறங்கி மாடிப்படியில் கால் வைத்தாயிற்று. அப்பா தூக்கத்திலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். பலகையைத் தூக்கி வைக்க இடமில்லை. உள்ளறையில் செண்பகம் அலங்காரத்தில். அம்மா ஒரு அண்டாவைக் கொண்டு வந்து மேஜை ஓரத்தில் பிடித்தாள். அப்பா இரண்டு கையாலும் என் படையையும் எதிரிப் படையையும் ஒன்றாக வழித்து அதில் தள்ளினார். உலகத்தில் எந்தச் சமாதான உடன்படிக்கையும் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

அண்ணாச்சி உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி, மாப்பிள்ளை. வணக்கம் சொல்லக் கூப்பிய கை அப்படியே நின்றது. மேஜையைப் பார்த்தார். சாலை. வெள்ளைக் கோடு. வீடு. கோயில். மூலையில் எண்.

அந்த வருஷங்களில் சென்னையில் மனை வாங்குவது ஒரு ஜுரம். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு நங்கநல்லூர்ப் பக்கம் போய், பொட்டல் வெளியில் நட்ட கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். அண்ணாச்சிக்கு அந்த ஜுரம் முற்றிய நிலை.

"என்ன அண்ணாச்சி, லே-அவுட் போட்டிருக்கியளா? ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்.

"அது வந்து, பையன்" என்று அப்பா இழுத்தார்.

"பையன் பாக்குதானா? பரவாயில்லையே. பாத்திரத்தோட நிக்காம நிலத்துல இறங்கிட்டான். நங்கநல்லூர்தானே?"

அப்பா என்னைப் பார்த்தார். உள்ளறைத் திரையைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் ஒரு டம்ளரைக்கூட எடை கூட்டிச் சொல்லாத மனிதர், ஒரு மாதிரி தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் சொல்லலாம், கழுத்துச் சுளுக்கு என்றும் சொல்லலாம்.

அவ்வளவுதான். என் தேசத்தைப் பங்கு போட்டார்கள். அண்ணாச்சி மேஜையைச் சுற்றி வந்தார். "நாலாம் நம்பர் தெருக்குத்து, வேண்டாம். ரெண்டாம் நம்பர் ஆத்தோரம், மழைக்குத் தண்ணி ஏறிரும்." அவர் மனைவி தன் பங்குக்கு, "கோயில் நிழல் வீட்டு மேல விழக் கூடாதுங்க" என்றார். எந்தப் பக்கம் கிழக்கு என்று கேட்டு, ஈசானிய மூலையைக் கண்டுபிடித்து, "தண்ணி இந்த மூலையில இருந்தாத்தான் விசேஷம். ஆறு தப்பான இடத்துல ஓடுது" என்று என் ஆற்றைக் குறை சொன்னார் அண்ணாச்சி.

நான் வாயை இறுக மூடி நின்றேன். அப்போது வரது, அந்தத் துரோகி, நல்ல பிள்ளையாகச் சொன்னான்.

"அதுக்கென்ன மாமா, நகர்த்திட்டாப் போறது."

இரண்டு பலகையைத் தூக்கினான். திருப்பினான். இடம் மாற்றினான். ஆறு நெளிந்து போய் வடகிழக்கு மூலையில் விழுந்தது. மலையைத் தென்மேற்கில் கொண்டு போய் வைத்தான். சாலை ஒரு நூல் பிசகாமல் சாலையோடு சேர்ந்தது. நான் எத்தனை நாள் யோசித்துச் செய்த நுட்பம். அதை முதன்முதலில் கண்டு வியந்த மனிதர் யார் என்றால், மனை வாங்க வந்தவர்.

"ஏயப்பா" என்றார் அண்ணாச்சி, மூச்சு விடாமல். "ஆத்தையே திருப்பிப்புட்டானே. அண்ணாச்சி, உங்க பையன் பெரிய ஆளு."

அந்தப் பலகையின் அடியிலிருந்து ஏதோ உருண்டது. அண்ணாச்சியின் மனைவி எடுத்துப் பார்த்தார். என் இடது அணித் தளபதி.

"இது யாரு?"

"வாட்ச்மேன்" என்றார் அப்பா.

"துப்பாக்கி வச்சிருக்கான்?"

"ராத்திரிக் காவல். அந்தப் பக்கம் இருட்டு ஜாஸ்தி."

மாப்பிள்ளை மேஜைக்கடியில் குனிந்து ஒரு பீரங்கியை எடுத்து நீட்டினார். அப்பா அதையும் பார்த்தார். "ரோடு உருட்டுத மிசின்" என்றார். பொய் சொல்ல ஆரம்பித்த அரை மணி நேரத்தில் மனிதர் எங்கேயோ போய்விட்டார்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். தங்கைக்காக. திரையின் இடுக்கில் அவள் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அண்ணாச்சி என் மலையின் உச்சியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். தெர்மோகோல் நறுக்கென்றது. பள்ளம் விழுந்தது.

"இந்த மேட்டை மட்டும் வெட்டி மட்டமாக்கிட்டா, இன்னும் ரெண்டு மனை தேறும்" என்றார்.

தளபதி ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

"மேட்டை வெட்டுறதா? அந்த மேட்டுக்காகக் காலையிலேர்ந்து எத்தனை பேர் செத்திருக்கான் தெரியுமா?"

அண்ணாச்சி மலையிலிருந்து கட்டை விரலை எடுத்தார்.

"செத்தாங்களா?" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

"என் பக்கம் கொஞ்சம் பேர்தான் மாமி" என்றான் வரது, ஆறுதலாக.

அந்தம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "சாவு விழுந்த இடத்துல மனையா? சுடுகாட்டைத் தூத்துப் பிளாட்டு போட்டிருக்காங்க. எந்திரிங்க போவோம்." அப்பா சுவரில் சாய்ந்தார். அம்மா அண்டாவை முந்தானையால் மூடினாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "அது சுடுகாடு இல்ல, புதைக்கிறதெல்லாம் கிடையாது, அண்டாவுலதான் போட்டு வச்சிருக்கு" என்றேன். அது உதவவில்லை.

செண்பகம் கூப்பிடாமலே வெளியே வந்தாள். பெண் தானாக வருகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கையில் காபித் தட்டு. நேராக அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

"மாமா, இது மனை இல்ல. எங்கண்ணன் பொம்மைச் சிப்பாய் வச்சுச் சண்டை போடுத பலகை. அவனுக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. கடையில ஒழுங்கா யாவாரம் பாக்குதான், ஞாயித்துக்கிழமை மட்டும் ஆறு ஓட்டுதான். அப்பா பொய் சொன்னது எனக்காக. சிப்பாய்க்குச் சட்டை பூசினது நான். பிடிச்சா இருங்க. பிடிக்கலைன்னா காபியாவது குடிச்சிட்டுப் போங்க, ஆறிக்கிட்டிருக்கு."

மாப்பிள்ளை தன் அம்மாவின் கையிலிருந்து வாட்ச்மேனை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நகப்பாலிஷா?"

"ஆமா."

"பட்டன்கூட வச்சிருக்கு."

"ஊசி முனையால வச்சேன்."

டிபன் கேரியரைப் பார்த்த மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் உட்கார்ந்தபின் தாய் என்ன செய்வார்? கிளம்பலாம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை தாண்டியிருந்தது. எந்த ராகு காலத்துக்குப் பயந்து முன்னால் வந்தார்களோ, அது வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. இனி ஆறு மணி வரை யாரும் படியிறங்க முடியாது.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். சண்முகமும் செண்பகமும் கூடத்தின் இரண்டு ஓரத்தில் நின்று பட்டனைப் பற்றிப் பேசினார்கள். அந்தம்மாள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "குழந்தைப் பிள்ளைக மாதிரி இருக்குதுக" என்று ஒரு சிப்பாயைத் துடைத்து வைத்தார். அண்ணாச்சி மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. ஏமாற்றியதற்காக அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். அவருடைய துக்கம் வேறு.

"அப்ப, அந்த ஈசானிய மூலை விக்கிறதுக்கு இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஆனாலும் அவர் வரதுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்றை மாற்றி மாற்றி ஓட விட்டார். ஆறு மணிக்கு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தபோது, "எங்களுக்குச் சீரு, செனத்தி எதுவும் வேண்டாம் அண்ணாச்சி. இந்தப் பலகை ஆறையும் மட்டும் பிள்ளையோட அனுப்பிருங்க" என்றார்.

என்னைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கல்யாணப் போட்டோவில் குத்துவிளக்குக்கும் வெள்ளித் தாம்பாளத்துக்கும் நடுவே என் மலை நிற்கிறது, கட்டை விரல் பள்ளத்தோடு. அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

அண்ணாச்சி பிற்பாடு நங்கநல்லூரில் நிஜமாகவே மனை வாங்கி வீடு கட்டினார். வாங்குமுன் எத்தனை ராத்திரி என் பலகையில் ஊரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று செண்பகம் சொல்லிச் சிரிப்பாள். வீடு முடிந்ததும் பலகைகள் மொட்டை மாடிக்குப் போயின. அதில் வற்றல் காயப்போட்டார்கள். மேடு பள்ளம் இருப்பதால் உருளாதாம். எந்தச் சாலையில் என் குதிரைப்படை நடந்ததோ அங்கே சுண்டைக்காய். ஆற்றில் மோர்மிளகாய். வரது இன்றைக்கும் அடையாற்றிலிருந்து போன் பண்ணி, "மலை கடைசி வரைக்கும் என்னண்டதானேடா இருந்தது" என்கிறான். பகடை என் கையில் இருந்தது என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தளபதி மட்டும் நங்கநல்லூர் வீட்டுக் கூடத்து அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், செண்பகத்தின் கல்யாணப் போட்டோவை ஒட்டி நிற்கிறான். சட்டை வெளுக்கவில்லை. போன மாதம் அவள் பேத்தி என் மடியில் உட்கார்ந்து, அது யார் என்று கேட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் இடது அணித் தளபதி, ஒரு பெரிய மலையின் அடிவாரத்தில், என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து, மாடியிலிருந்து, வாசல் கேட்டிலிருந்து, மொத்தக் குடும்பமும் ஒரே குரலில், "வாட்ச்மேன்" என்றது.

குழந்தை அவனை இன்னொரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டது.

"தாத்தா, இவன் எப்பத்தான் வீட்டுக்குப் போவான்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரே ஒரு உருட்டல் பாக்கி. ஒருத்தராவது அந்த மேல்மாடி வற்றலைக் கொஞ்சம் அள்ளுங்கள்.